வீட்டில் மாடு இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களிடம் கலப்பினப் பசுக்கள் இரண்டு இருக்கின்றன. கார்த்திகை மாதம் செவலைப் பசு ஏழு மாதச் சினையில் கன்றை வீசிவிட்டது. இளங்கொடி விழாமல் தொங்கிக்கொண்டிருந்ததால் நானே கையை விட்டு எடுத்துப் போட்டேன். தை பிறந்ததிலிருந்து எனக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது. இரவில் சேலை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. இடுப்பிலும் முழங்காலிலும் வலி. டைபாய்டு, டெங்கு, மலேரியா எல்லாம் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் இல்லை. பீடி சுற்ற உட்காரக்கூட முடியவில்லை. மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: இருக்கலாம் அம்மா. நாளைக்கே மருத்துவரிடம் போய், "என் பசு கன்றை வீசியது, இளங்கொடியை நான் வெறுங்கையால் எடுத்தேன்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எனக்கு எழுதும்போது மாட்டைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். அதை மருத்துவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். காய்ச்சலுக்குப் போன இடத்தில் மாட்டுக் கதை எதற்கு என்று தோன்றும். நானும் சொல்லவில்லை.

1991-இல் நாங்குநேரிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை. இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஓர் எருமைக்கு இளங்கொடி எடுத்தேன். கையுறை தீர்ந்துபோயிருந்தது. தோள்வரை தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு கையை விட்டேன். அன்றைக்கு அது வழக்கம்தான். புறங்கையில் அரிவாள்மணை கீறிய காயம் ஒன்று ஆறாமல் இருந்தது. ஆறு வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் ஒன்றும் இருக்காது. மாலை நான்கு மணிக்குமேல் குளிர் எடுக்கும், விடிவதற்குள் வியர்த்துக் கொட்டிவிடும். நான்கு மாதங்களில் மூன்று இடங்களில் பார்த்தேன். டைபாய்டு மருந்து தந்தார்கள், மலேரியா மருந்து தந்தார்கள், கடைசியில் "தனியாக இருக்கிற பெண், மனக்கவலை" என்றார்கள். கால்நடை மருத்துவம் படித்த எனக்கே, என் கையை நினைத்துப் பார்க்க நான்கு மாதம் ஆயிற்று. மாட்டு ரத்தத்துக்குச் செய்கிற அதே பரிசோதனைக்கு என் ரத்தத்தை நானே கொடுத்தேன். ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு சொட்டு சீரம் சேர்த்து ஆட்டினால், நோய் கண்டவர்களுடையது நான்கு நிமிடத்துக்குள் திரிந்த பால்போல் ஆகிவிடும். என்னுடையது உடனே திரிந்தது.

நோயின் பெயர் புரூசெல்லோசிஸ். எங்கள் துறையில் கன்று வீச்சு நோய் என்போம். 1887-இல் மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் இந்தக் கிருமி இனத்தைக் கண்டார். எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1905-இல் மால்டாக்காரரான தெமிஸ்டோக்ளிஸ் சாமிட், பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத வெள்ளாடுகளின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தார். சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. இதற்கிடையில், 1897-இல், பசுக்கள் கன்று வீசுவதற்கும் ஒரு கிருமியே காரணம் என்று டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பேங் காட்டியிருந்தார். ஆனால் அந்தக் கிருமி வேறு, இந்தக் கிருமி வேறு என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

இரண்டும் ஒரே குடும்பம், ஆகவே காய்ச்சாத பசும்பாலும் ஆபத்து என்று 1918-இல் எழுதியவர் அமெரிக்காவின் ஆலிஸ் ஈவன்ஸ். முனைவர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொன்னதைப் பெரியவர்கள் ஏற்க மறுத்தார்கள். 1922-இல் ஆய்வுக்கூடத்தில் அதே கிருமி அவரைத் தொற்றியது. பல ஆண்டுகள் விட்டுவிட்டுப் படுத்தார். நரம்புத் தளர்ச்சி என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவர் சொன்னதே சரி என்று ஆயிற்று. 1928-இல் அமெரிக்க பாக்டீரியா ஆய்வாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் பெயரே தெரியாது. பின்னால் படித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிருமி ஏன் இளங்கொடியில் போய்க் குவிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சினைப்பசுவின் கருப்பையில் எரித்ரிடால் என்ற சர்க்கரை போன்ற ஒரு பொருள் உண்டாகிறது. இந்தக் கிருமிக்கு அது பிடித்தமான இரை. எனவே சினை முற்ற முற்ற அங்கே பெருகி, கருவைத் தள்ளிவிடுகிறது. வீசிய கன்று, இளங்கொடி, வழிகிற நீர் எல்லாவற்றிலும் கோடிக்கணக்கில் இருக்கும். கைக் கீறல் வழியாகப் போகும், கண்ணில் தெறித்தாலும் போகும், மூச்சிலும் போகும். மனித உடலில் இது ஒளிந்துகொள்வது, கிருமிகளை விழுங்கிக் கொல்ல வேண்டிய நம் விழுங்கணுக்களுக்குள்ளேயே. அதனால்தான் மருந்து நீளும். பொதுவாக டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம். நோய் உறுதியானால், காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அரைகுறையாக விட்டால் திரும்பி வரும். எனக்குத் தெரிந்த பால்காரர் ஒருவருக்கு முதுகெலும்பில் வந்தது. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கவும் கூடாது. ரிஃபாம்பிசின் காசநோய்க்கும் முதன்மையான மருந்து. காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் தருவார்.

அடுத்து பசு. இரண்டு பசுக்களுக்குமே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம். நோய் இருக்கிற பசு அடுத்த ஈற்றில் முழு மாதக் கன்றைப் போட்டுவிடும், "சரியாகிவிட்டது" என்று நினைப்போம். அப்போதும் பாலில் கிருமி வந்துகொண்டே இருக்கும். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி சாகும். உங்களிடம் பால் வாங்குகிறவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். "பேசாமல் மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிவிடு" என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு கறவை மாட்டின் விலை உங்கள் வீட்டில் எத்தனை மாதப் பீடிக் கூலி என்று எனக்குத் தெரியும். வாங்கிப்போகிற வீட்டிலும் உங்களைப் போல ஒரு பெண்தான் அதைக் கறக்கப் போகிறாள்.

ஓலைக்கொட்டானில் இளங்கொடியைப் போட்டு ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்கும். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மடியில் பால் குறையாது என்பார்கள். நாய் இழுத்துப் போகாத உயரத்தில் கட்டினார்கள் பாருங்கள், அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆனால் வீசிய கன்றின் இளங்கொடிக்கு அது போதாது. காகம் கொத்தும், மழையில் கீழே வழியும். அதையும் கன்றையும் நனைந்த வைக்கோலையும் ஆழக் குழியில் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடி, மேலே முள் போட்டுவிடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இனிமேல் பிறக்கிற கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதுவும் இலவசம். 1923-இல் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமி, ஓர் ஆண்டுக்கு மேல் சாதாரண அறை வெப்பத்திலேயே கிடந்து வலுவிழந்தது; அதுதான் இந்தத் தடுப்பூசி. உயிருள்ள கிருமி என்பதால், போடுகிறவர் கையில் குத்திவிட்டால் அவருக்கே நோய் வரலாம். கன்றை நீங்கள் இறுகப் பிடித்துக்கொண்டால் அது எங்கள் ஆட்களுக்குச் செய்கிற உபகாரம்.

கேள்வி: நான் விலங்கியல் முதலாண்டு மாணவன். வீட்டில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறோம். கல்லூரியில் ஸ்டெம் செல் ஒரு பாடம், தொற்றுநோய் இன்னொரு பாடம். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா, அம்மா? மாடுகளில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்கிறதா?
– ஒரு மாணவர், களக்காடு

பதில்: தம்பி, வாழைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஸ்டெம் செல்லை விளக்குவது எளிது. தார் வெட்டியதும் தாய்மரத்தைச் சாய்த்துவிடுகிறீர்கள். மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. அது பக்கக்கன்றையும் விடும், தானும் இருக்கும். விரிந்த இலையை நட்டால் வாழை வராது. நம் உடலிலும் அப்படித்தான். தோலாகவோ நரம்பாகவோ விரிந்துவிட்ட செல் அந்த வேலையோடு முடிந்தது. தானும் குறையாமல், வேறு செல்களையும் பிறப்பித்துக்கொண்டிருக்கிற கிழங்குகள் சில உண்டு. தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்களே ரத்தம் முழுவதற்கும் மூலம். 1961-இல் கனடாவில் டில், மெக்கல்லக் என்ற இருவர், மஜ்ஜை செலுத்திய சுண்டெலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகளைப் பார்த்து இதைக் கண்டறிந்தார்கள். 2006-இல் ஜப்பானின் யமனாகா நான்கு மரபணுக்களைச் செலுத்தி, சுண்டெலியின் விரிந்த இலையையே மறுபடி கிழங்காக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனிதத் தோல் செல்லிலும் அது நடந்தது. 2012-இல் அவருக்கும், தவளைகளில் இதற்கு முன்பே வழிகாட்டிய இங்கிலாந்தின் ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

யமனாகா செய்ததற்கு நெருக்கமான ஒரு வேலையைத் தொழுநோய்க் கிருமி எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் செய்கிறது என்பதைப் படித்தபோது நான் திகைத்துப்போனேன். நரம்புக்கு உறைபோல் இருக்கும் ஷ்வான் செல்களுக்குள் அந்தக் கிருமி புகும். அங்கே, முதிர்ந்த செல்லுக்குரிய மரபணுக்களை அணைத்துவிட்டு, அதைக் குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அப்படித் திரும்பிய செல் தசையாகவும் மாறக்கூடும், இடம் பெயர்ந்து கிருமியையும் சுமந்து போகும். எடின்பரோவில் அனுரா ரம்புக்கனவின் குழு சுண்டெலிச் செல்களில் இதைக் கண்டு 2013-இல் வெளியிட்டது. தொழுநோயால் விரல் மடங்கியவர்களை நம் ஊர்ச் சந்தைகளில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த விரல்களுக்குப் பின்னால் இப்படி ஒரு சூழ்ச்சி நடந்திருக்கக்கூடும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அதே 2013-இல் இன்னொரு செய்தியும் வந்தது. சிகிச்சையை முடித்துவிட்ட காசநோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில், ஒரு வகைக் குருத்தணுக்களுக்குள் காசநோய்க் கிருமி உயிரோடு ஒளிந்திருப்பதை பிகுல் தாஸும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். குருத்தணு நீண்ட காலம் வாழும், மருந்தை வெளியே தள்ளும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் ஏது! மேலே முக்கூடல் அம்மாவுக்குச் சொன்ன புரூசெல்லாவும் மஜ்ஜைக்குப் போகும் கிருமிதான். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்துக் கிடைக்காதபோது மஜ்ஜையில் தேடிப் பிடிப்பார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. உன் தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கும், தொட்டுப் பார். அந்தத் தடுப்பூசி மாட்டிடமிருந்து வந்தது. மடியில் காசநோய் கண்ட ஒரு பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமியை, பிரான்ஸின் லீல் நகரில் கால்மெட்டும் கேரனும் 1908 முதல் 13 ஆண்டுகள், மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்தார்கள். கேரன் கால்நடை மருத்துவர். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் அது தடுக்குமா என்று 1968-இல் நம் செங்கல்பட்டில் தொடங்கி நெடுங்காலம் பார்த்தார்கள், தடுக்கவில்லை. சிறு குழந்தைகளை மூளைக்குப் பரவும் காசநோயிலிருந்து அது காக்கிறது, அதற்காகத்தான் பிறந்ததும் போடுகிறோம். ஆனால் பி.சி.ஜி. போட்ட குழந்தைகளுக்கு வேறு சில தொற்றுகளும் குறைவதுபோல் தெரிந்தது வெகுநாள் புதிராகவே இருந்தது. 2018-இல் மான்ட்ரியலில் சுண்டெலிகளில் பார்த்தபோது, பி.சி.ஜி. மஜ்ஜைக்குள் போய் அங்குள்ள குருத்தணுக்களையே பழக்கிவிடுவது தெரிந்தது. அவற்றிலிருந்து பிறக்கிற விழுங்கணுக்கள் பிறக்கும்போதே கொஞ்சம் வலுவோடு பிறக்கின்றன. கிழங்குக்கு உரம் வைத்தால் பக்கக்கன்று திடமாக வருவதுபோல.

மாடுகளைப் பற்றிக் கேட்டாய். சுண்டெலிக் கருவிலிருந்து குருத்தணுவை 1981-இலேயே வளர்த்துவிட்டார்கள், மனிதக் கருவிலிருந்து 1998-இல். மாட்டில் பலர் முயன்றும் அது நிலைக்கவில்லை. வளரும், சில தலைமுறையில் குணம் மாறிவிடும். நிலையாக வளர்க்கும் முறை 2018-இல்தான் கலிபோர்னியாவில் கைகூடியது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் மாட்டுக் குடலின் குருத்தணுக்களிலிருந்து கடுகளவு குடல் உருண்டைகளைத் தட்டில் நெடுநாள் வளர்த்துக் காட்டினார்கள். ஒரு கன்றுக்குக் கழிச்சல் நோயை வேண்டுமென்றே கொடுத்து, அது துவண்டு விழுவதைப் பார்த்து, பிறகு அறுத்து ஆராய வேண்டிய வேலைகளில் சிலவற்றையாவது இனித் தட்டில் செய்யலாம். படிக்கிற காலத்தில் அப்படிக் கன்றுகளைப் பார்த்திருக்கிறேன். இதற்காகவே இந்தத் துறையை நேசிக்கிறேன். நீ மேலே படிப்பதாக இருந்தால் இந்தப் பக்கம் வா.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது, பனையேறிய முழங்கால்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்மானம் சரியாகிவிடும் என்று சில லட்சம் கேட்கிறார்கள். என் மகளுக்கு ஏழாம் மாதம். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பிற்காலத்தில் எந்த நோய்க்கும் உதவும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். பனங்காட்டை விற்கலாமா என்று யோசிக்கிறோம்.
– ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: விற்காதீர்கள் அண்ணாச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவது நிலைபெற்ற சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்கிறார்கள். எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் போன்றவற்றுக்குக் குருத்தணு ஊசி அந்த நெறிமுறைப்படி ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் முன்பதிவு வேண்டும், நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும், நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. உங்களிடம் லட்சம் கேட்கிறார்கள் என்பதே போதும். அப்பாவை எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். தொடைத் தசைக்கு உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மூட்டு மாற்று. அவர் மரமேறி உங்களைப் படிக்க வைத்த கால்கள். அவற்றுக்கு நிரூபணமான வைத்தியமே கொடுங்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தில் குருத்தணு இருப்பது உண்மை. 1988-இல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு, புதிதாய்ப் பிறந்த தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்திக் காப்பாற்றினார்கள். ஆனால் குழந்தை தனக்கே பின்னால் பயன்படுத்துவதற்கென்று தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அதே நெறிமுறை சொல்கிறது. பரம்பரை ரத்த நோய் வந்தால், சேமித்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு தாலசீமியா போன்ற நோய் இருந்தால் கதை வேறு. அதை ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள். மகளின் பிரசவத்தில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். குழந்தை பிறந்ததும் ஒரு நிமிடமாவது பொறுத்துக் கொடியைக் கட்டச் சொல்லுங்கள். அந்த ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும், சோகை குறையும். அதற்குக் காசு இல்லை.

கேள்வி: எங்கள் பசு திடீரென்று தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்தியது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் செத்துவிட்டது. வெறிநாய் கடித்திருக்கும் என்கிறார்கள். அதன் பாலைத் தெருவில் ஏழு வீட்டில் குடித்திருக்கிறார்கள். எல்லாரும் பயந்துபோயிருக்கிறோம். என்ன செய்வது?
– ஒரு வாசகர், மானூர்

பதில்: காய்ச்சிய பாலைக் குடித்தவர்கள் பயப்பட வேண்டாம்; வெறிநோய்க் கிருமி சூட்டில் நிற்காது. பச்சையாகக் குடித்தவர்கள் யாராவது இருந்தால் மருத்துவரைப் பார்க்கட்டும். ஏழு வீட்டைப் பற்றி எழுதிய நீங்கள் உங்கள் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான். வெறிநோய் கண்ட பசு, தொண்டை அடைத்ததுபோலத்தான் இருக்கும். எங்கள் வேலையில் சேருகிற இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வதே, எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதே என்பதுதான். பல் கீறியிருக்கலாம், நகக்கண்ணில் சிறு வெடிப்பு இருந்திருக்கலாம். இந்த நோய் வெளிப்பட்ட பிறகு மருந்தில்லை. வெளிப்படுவதற்குமுன் தடுப்பூசி காப்பாற்றும். அரசு மருத்துவமனையில் இலவசம்: முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து மூன்று நாள் கழித்து, ஏழு நாள் கழித்து, இருபத்தெட்டு நாள் கழித்து. கீறல் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், கூடுதலாக இன்னொரு ஊசி தேவைப்படும். நாளாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், தாமதமானாலும் தொடங்கலாம். உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. முகவரி இருந்ததால் இந்தப் பதிலை அச்சுக்கு முன்பே தபாலில் அனுப்பிவிட்டேன். கிடைத்ததும் போய்விட்டு, போட்டுக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.